பழைய கோடாலிக்குப் புதுக் காம்பு

எந்தத் தோட்டத்தில் எந்த லயத்துக்குப் போனாலும் ஸ்தோப்புக்குக் கீழேயோ, கோழிக்கூட்டுக்குப் பின்னாலேயோ காம்பு இல்லாத ஒரு கோடாலித் தலை கிடக்கும். துரு ஏறி, மண் அப்பி, இரும்பா கல்லா என்று தெரியாத கோலத்தில் கிடக்கும். கேட்டால், "அதுங்களா, தாத்தா காலத்துச் சாமான், அது இனிச் சரிவராது" என்பார்கள். அதே வீட்டில் கடையில் வாங்கிய புதுக் கோடாலி ஒன்றும் இருக்கும். அதன் தலை ஆடிக்கொண்டிருக்கும், மேலே இரண்டு மூன்று ஆணி அடித்திருக்கும்.

இந்த இதழின் பாடம் அந்தப் பழைய தலையைப் பற்றியது. அதை எடுத்துத் துடைத்து, நமது கையாலேயே காம்பு செய்து போட்டு, பாவிப்பது எப்படி என்று சொல்லப் போகிறோம்.

கோடாலி இல்லாமல் நமது அடுப்பு எரியாது. கவ்வாத்து மிலாறு சில மாதங்களுக்குத்தான் வரும். மற்ற நாட்களில் சவுக்குக் கட்டையும் டர்பன்டைன் கட்டையும் பிளந்துதான் ஆகவேண்டும். 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் கேஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில், கேஸ் அடுப்பு வாங்கியிருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அப்போது மூலையில் கிடந்த கோடாலிகள் எல்லாம் வெளியே வந்தன. அவற்றோடு விபத்துகளும் வந்தன.

அப்படி ஒன்றை நாங்கள் கண்ணால் கண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஒரு அக்கா லயத்து வாசலில் டர்பன்டைன் கட்டை பிளந்துகொண்டிருந்தார். மூன்றாவது வீச்சில் கை லேசாகிவிட்டது. தலை கழன்று அவருடைய தோளுக்கு மேலாகப் பறந்து, பீலிக்கரைச் சுவரில் மோதி விழுந்தது. அந்தச் சுவரோரம் முகம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் அப்போதுதான் வீட்டுக்குள்ளே போயிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அக்கா ஒரு கிழமை கோடாலியைத் தொடவில்லை. விறகை வெளியாளிடம் காசு கொடுத்துப் பிளந்தார்.

காம்பை எடுத்துப் பார்த்தோம். மேலே நாலு ஆணி. சுற்றிலும் சைக்கிள் டியூப் துண்டு. முதல் நாள் இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்களாம். அந்தத் தோட்டத்தில் மம்பட்டிக்கும் முள்ளுக்கும் கோடாலிக்கும் காம்பு போட்டே வேலைக்காலத்தைக் கழித்து, பென்சன் வாங்கிவிட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆணி நாலும் நல்ல ஆணி தம்பி. காம்புதான் செத்துப்போச்சு."

அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததையும், நாங்கள் செய்து பார்த்துப் பிழைவிட்டுக் கற்றதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

தண்ணீரும் ஆணியும் செய்யும் வேலை

முதலில் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். இது விளங்கினால் மீதிப் பாடம் சுகம்.

மரம் என்பது மெல்லிய குழாய்களைக் கட்டாகக் கட்டி வைத்ததுபோல. தண்ணீரில் போட்டால் குழாய்களின் சுவர் ஊதும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்குவாக்கில்தான் பருக்கும். கோடாலியின் ஓட்டைக்குள்ளே பருக்க இடமில்லை. சுற்றி இரும்பு. ஆகவே ஊதுகிற மரம் இரும்பில் நசுங்கும். அன்றைக்குத் தலை இறுக்கமாக இருக்கும், "பார்த்தியா, சரியாப்போச்சு" என்போம். மரம் காய்ந்ததும், நசுங்கிய குழாய்கள் பழைய அளவுக்குத் திரும்பி வராது. முன்பு இருந்ததைவிட மெலிந்துவிடும். மறுபடி ஊறப்போடுவோம், மறுபடி நசுங்கும். ஒவ்வொரு முறையும் காம்பின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. பெரியவர் சொன்ன சாவு இதுதான்.

ஆணி வேறு விதம். அது மரத்தின் நார்களைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறது. காம்பின் தலைப்பகுதி ஏற்கனவே வாள்வெட்டும் ஆப்புமாக இருக்கிற இடம். அங்கே நாலு ஆணி இறங்கினால் அது மரமாக இருக்காது, விளக்குமாறாகிவிடும்.

தலையைச் சோதித்தல்

காம்பு போடுவதற்கு முன்னால் தலை அதற்குப் பெறுமதியா என்று பார்க்க வேண்டும். மண்ணைக் கழுவி, வயர் பிரஷ் போட்டு, பிரஷ் இல்லாவிட்டால் தேங்காய்த் தும்பும் மணலுமாகத் தேய்த்து, மேல்துருவை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி இல்லாவிட்டாலும் 'ணங்' என்று ஒரு ஓசை நிற்க வேண்டும். 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைப் பிடிக்க ஒரு வழி உண்டு. தலை முழுக்க மண்ணெண்ணெய் பூசிக் கால்மணி நேரம் விட்டுவிடுங்கள். அடுப்படியில் அல்ல, வெளியே. பிறகு நன்றாகத் துடைத்து, பள்ளிக்கூடச் சோக்கைத் தூளாக்கி மேலே தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைச் சோக்கில் மெல்லிய ஈரக்கோடாகத் தெரியும். காம்பு நுழையும் ஓட்டையின் இரண்டு பக்கச் சுவர்களிலும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அடி முழுவதையும் தாங்குவது அந்தச் சுவர்கள்தான். அந்த இடத்தில் கோடு தெரிந்தால் அந்தத் தலையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்துப் பாவிக்க வேண்டாம்.

சில தலைகளின் பின்பக்கம், அதாவது மண்டைப்பக்கம், காளான் மாதிரி விரிந்து ஓரம் மடங்கியிருக்கும். கோடாலியைச் சம்மட்டியாகப் பாவித்து, அலவாங்கையும் இரும்பு ஆப்பையும் அடித்ததால் வந்தது அது. அந்த ஓரங்கள் ஒருநாள் சில்லாகத் தெறிக்கும், தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும். அரத்தால் ராவி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுப்பில் போடாதீர்கள்

பழைய காம்பின் கட்டை ஓட்டைக்குள்ளே இறுகிக் கிடக்கும். நம்மவர்கள் என்ன செய்வார்கள்? தலையைத் தூக்கி அடுப்பில் போடுவார்கள். கட்டை எரிந்து சாம்பலாகிவிடும், சுலபமான வேலை. ஆனால் கோடாலி அதோடு முடிந்தது.

கொல்லர் அந்த வாயைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிப் பதம் ஏற்றியிருப்பார். அந்தப் பதம்தான் கூர் நிற்கக் காரணம். இரும்பு நீல நிறம் காட்டும் அளவுக்குச் சூடேறினாலே பதம் இறங்கத் தொடங்கிவிடும். அடுப்புத் தணல் அதைவிட மிக அதிகச் சூடு. தணலில் கிடந்த கோடாலியை எவ்வளவு தீட்டினாலும் நாலு கட்டையில் மழுங்கிவிடும். "இந்தக் கோடாலி வாய் நிக்கிறதே இல்ல" என்று சலித்துக்கொள்கிறவர்கள், அதற்குப் போன முறை எப்படிக் காம்பு மாற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரியான வழி இது. தலைக்குக் கீழே காம்பை வாளால் ஒட்ட அறுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கட்டையில் டிரில்லால் நாலைந்து ஓட்டை போடுங்கள், டிரில் இல்லாவிட்டால் பழைய உளியால் நடுவைக் கொத்தி எடுங்கள். பிறகு தலையை இரண்டு கட்டைக்கு நடுவே வைத்து, காம்பு இருந்த பக்கத்திலிருந்து மேல்பக்கமாக ஒரு கம்பியை வைத்து அடித்தால் கட்டை வெளியேறும். மேலிருந்து கீழே அடித்தால் வராது. ஓட்டை மேலே அகலம், கீழே ஒடுக்கம். ஆப்பு மேல்பக்கத்தில்தான் மரத்தை விரித்துப் பிடித்திருக்கிறது.

வினாகிரி காட்டும் கோடு

ஆழமான துருவுக்குக் கடையில் விற்கும் சாதாரண வினாகிரி போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தலை மூழ்கும் அளவுக்கு ஊற்றி ஓர் இரவு விடுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், வினாகிரி அதை அரிக்கும். ஒரு நாளைக்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். காலையில் எடுத்துத் தேய்த்து, அப்பச்சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வைத்து, எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் பூசாமல் விட்டால் மத்தியானத்துக்குள்ளே மறுபடி செந்துரு படியும்.

துரு போனபிறகுதான் சுவாரசியம். சில தலைகளின் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். பிரேட்ஸ், எல்வெல், கில்பின் என்ற பெயர்கள் இருந்தால் அவை இங்கிலாந்தின் நடுப்பகுதிப் பட்டறைகளில் அடித்தவை. அந்த வட்டாரத்துச் சாமான்கள்தான் ஒரு காலத்தில் உலகமெங்கும் தோட்டங்களுக்குக் கப்பலேறின. முதலை மார்க் மம்பட்டியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

இந்த மலைகள் காடாக இருந்து கோப்பிக்காக வெட்டப்பட்டது கோடாலியால்தான். அந்த வெட்டு முறையைப் படித்தபோது எங்களுக்கே மேல் சிலிர்த்தது. மலைச்சரிவில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டிப் பாதி விட்டுக்கொண்டே போவார்கள். உச்சியில் இருக்கும் பெரிய மரங்களை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழே இருப்பதன்மேல் விழ, அது அடுத்ததன்மேல் விழ, மலை முழுவதும் ஒரே இரைச்சலோடு சரிந்துவிடும். அந்த மரவெட்டு வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள் ஒப்பந்தத்துக்குச் செய்தார்கள். வெட்டிய காட்டை எரித்தபின் துப்புரவாக்கி, குழி வெட்டி, கன்று வைத்தது நமது முன்னோர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். மீதிக் கதை நமக்குத் தெரிந்ததுதான்.

விசயத்துக்கு வருவோம். வினாகிரியில் ஊறிய பழைய தலைகள் சிலவற்றில், வாய்ப்பக்கம் ஒரு கருத்த பட்டையும் அதற்குப் பின்னால் வெளிறிய இரும்பும் தெரியும். நடுவே கோடு போட்டதுபோல இருக்கும். அந்தக் காலத்தில் உருக்கு விலை அதிகம். ஆகவே உடம்பைச் சாதாரண இரும்பில் செய்து, வாய்க்கு மட்டும் ஒரு துண்டு உருக்கை வைத்து உலையில் ஒட்டினார்கள். கருத்தது உருக்கு, வெளிறியது இரும்பு. கருத்த பட்டை இரண்டு விரல் அகலம் இருந்தால் உங்கள் பேரப்பிள்ளையும் அந்தக் கோடாலியைப் பாவிக்கலாம். அரை விரல்தான் மிச்சம் என்றால் தீட்டித் தீட்டித் தேய்ந்துவிட்டது. அதற்கு நல்ல மரத்தைச் செலவழிக்க வேண்டாம். முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் பயப்படத் தேவையில்லை, தலை முழுவதும் ஒரே உருக்கில் செய்தது. புதுக் கோடாலிகள் பெரும்பாலும் அப்படித்தான்.

எந்த மரம்?

இதில்தான் நாங்கள் முதலில் ஏமாந்தோம். தோட்டத்தில் எங்கே பார்த்தாலும் சவுக்கு நிற்கிறதே என்று அதில் ஒரு காம்பு செய்தோம். பார்வைக்கு அழகு. இரண்டாம் கிழமை கழுத்தோடு முறிந்தது. சவுக்கு பலகைக்கு நல்லது, அடி தாங்காது. டர்பன்டைன் கனமான மரம், ஆனால் காயும்போது முறுக்கும், வெடிக்கும். நார் சுழன்று ஓடும் மரத்தில் நேரான துண்டு கிடைப்பது அரிது. அல்பீசியாவையும் முள்முருங்கையையும் பேசவே வேண்டாம்.

பெரியவர் கை காட்டியது கொய்யா. நெருக்கமான நார், கனம், அடித்தால் வளைந்து கொடுக்கும். லயத்துக்குப் பின்னால் காய்க்காமல் நிற்கும் கிழட்டுக் கொய்யா இருந்தால் அது சொத்து. பழைய கோப்பி மரமும் நல்லது, ஆனால் தேவையான மொத்தத்தில் நேராகக் கிடைப்பது கஷ்டம். கைக்கோடாலிக்குக் கோப்பி சரியாக வரும். தோட்டத்து நிலத்தில் நிற்கும் மரமானால் முதலில் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். காற்றுக்கு விழுந்த கிளையே போதும்.

கொய்யாவில் ஐந்தாறு அங்குல மொத்தமுள்ள அடிமரத்துண்டு கிடைத்தால், அதை அறுக்காதீர்கள். பிளந்துகொள்ளுங்கள். வாள் நாரைப் பார்க்காது, தன் வழிக்குப் போகும். ஆப்பு வைத்துப் பிளந்தால் மரம் தன் நாரோடுதான் பிரியும். அப்படிப் பிரிந்த துண்டில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடும். நார் நடுவில் பக்கவாட்டாக வெளியே ஓடிவிட்டால், காம்பு ஒருநாள் அந்த இடத்தில்தான் ஈட்டிபோலக் கூராக முறியும். நாலாகப் பிளந்து, நடுத்தண்டு வராமல், முடிச்சு வராமல் எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கம்பை அப்படியே காம்பாகப் போடுவதில் இதுதான் சங்கடம். நடுத்தண்டு உள்ளே இருக்கும், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

அடுத்தது பொறுமை. பச்சை மரத்தில் காம்பு போட்டால் அது ஓட்டைக்குள்ளேயே காய்ந்து மெலியும், தலை ஆடும். பிளந்த துண்டை வேண்டிய அளவைவிட விரல் மொத்தம் கூடுதலாகச் செதுக்கி, இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்ரோ பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், வேகமாக ஓடினால் வெடிக்கும். பிறகு அடுப்புக்கு நேர் மேலே அல்லாமல் சற்றுத் தள்ளிப் பரணில் போட்டு வையுங்கள். எத்தனை மாதம் என்று கேட்பீர்கள். நுவரெலியாக் குளிரும் மாத்தளை வெயிலும் ஒன்றல்ல, ஆகவே மாதக்கணக்கு சொல்லமாட்டோம். தராசைக் கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து, நிறையைச் சுவரில் எழுதுங்கள். ஈரம் போகப்போக நிறை குறையும். மூன்று நாலு கிழமை ஒரே நிறை நின்றால் காய்ந்துவிட்டது. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று நமக்குத் தெரியும்தானே, அந்தக் கணக்குத்தான்.

யாருடைய கைக்கு?

நமது லயங்களில் விறகு பிளப்பது பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் கோடாலியை மட்டும் ஆம்பிளைக் கைக்குச் செய்து வைத்திருக்கிறோம். மூன்றரை இறாத்தல் தலையும் முப்பது அங்குலக் காம்பும். மலையில் நாள் முழுக்கக் கூடை சுமந்துவிட்டு வருகிறவர் அதைத் தலைக்கு மேலே தூக்கும்போது பிடி தளர்கிறது, குறி தப்புகிறது. அந்த வீட்டில் கோடாலி பிடிப்பவர் யாரோ அவருக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும். தலையைக் கைக்குள்ளே பிடித்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டினால், காம்பின் அடி அக்குளைத் தொடவேண்டும். பெண்களுக்கு அது பெரும்பாலும் 24லிருந்து 26 அங்குலம் வரும். தலை இரண்டு, இரண்டரை இறாத்தல் போதும்.

இலேசாக இருக்கட்டும் என்று காம்பை மிகவும் கட்டையாக வெட்டிவிடாதீர்கள். நீளக் காம்பு குறி தப்பினால் நிலத்தில் இறங்கும். கட்டைக் காம்பு குறி தப்பினால் முழங்காலுக்கு வரும். கனத்தைக் குறைக்கத் தலையைத்தான் குறைக்க வேண்டும். அடுப்படியில் சில்லு பிளக்கும் கைக்கோடாலி வேறு, அதற்கு 14, 15 அங்குலம் போதும், அதை ஒரு கையால் பிடித்துக் கட்டைமேல் வைத்துத்தான் வெட்டுவோம்.

காம்பு உருண்டையாக இருக்கக்கூடாது. முட்டை வடிவமாகச் சற்றுத் தட்டையாகச் செதுக்கினால், பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். அடியில் ஒரு குமிழ் விடுங்கள், வியர்த்த கை வழுக்கினாலும் அது நிறுத்தும். செதுக்கிய பிறகு உடைந்த கண்ணாடித் துண்டின் ஓரத்தால் சுரண்டி, கடைசியில் சாண்ட் பேப்பர். வார்னிஷ் வேண்டாம். அது கைக்குக் கொப்புளம் தரும்.

தலை ஏற்றுதல்

காம்பின் மேல்முனையை ஓட்டைக்குக் கொஞ்சம் பெரிதாகவே விட்டு, மெதுவாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். எங்கே குறைப்பது என்று காட்ட ஒரு சுலபமான வழி. குப்பி லாம்புக் கரியை ஓட்டையின் உள்சுவரில் தடவுங்கள். காம்பைச் செருகித் தட்டி வெளியே எடுங்கள். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. அதை மட்டும் சீவுங்கள். மறுபடி செருகுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை செய்ய வேண்டிவரும். அவசரப்பட்டு ஒரே சீவாகச் சீவினால் இடைவெளி விழும், அந்த இடைவெளியை எந்த ஆப்பாலும் நிரப்ப முடியாது.

செருகுவதற்கு முன்னால் காம்பின் மேல்முனையில் ஆப்புக்காக ஒரு வாள்வெட்டு வேண்டும். ஓட்டையின் நீளவாக்கில், ஓட்டை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் வெட்டினால் கழுத்து பலமிழக்கும்.

இனித் தலையை இறக்குவது. எல்லாரும் காம்பை நிலத்தில் குத்தித் தலைமேல் அடிப்பார்கள். தேவையில்லை. கோடாலியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடியுங்கள், தலை கீழே தொங்கட்டும், எதிலும் படவேண்டாம். மேலே வந்த காம்பின் அடியில் மரச்சுத்தியலால் அடியுங்கள். காம்பு தலைக்குள்ளே இறங்கிக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள்! பிள்ளைகளுக்குக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். காரணம் சுலபம். தலை கனமானது, இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அடி வாங்கிய காம்பு மட்டும் நகரும். பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்கிறவர் பின்னால் சாய்வதும் இதே காரணம்தான்.

காம்பு தலைக்கு மேலே கால் அங்குலம் எட்டிப்பார்க்கும்வரை அடித்து, வாய் காம்புக்கு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக்கண்ணால் பாருங்கள். கோணல் என்றால் இப்போதே கழற்றிச் சரிசெய்ய வேண்டும். பிறகு நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்த ஆப்பை வாள்வெட்டில் வைத்து, சின்னச் சின்ன அடியாக இறக்குங்கள். சத்தம் மாறி, இனிப் போகாது என்று கை சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். பிக்காசுக்கு இந்த ஆப்பு வேலை கிடையாது, அதன் காம்பு மேலிருந்து நுழைகிறது, வீச வீசத் தானே இறுகும். கோடாலிக் காம்பு கீழிருந்து நுழைவது. ஆப்பு இல்லாவிட்டால் வீச வீசக் கழலும்.

கடைசியாக லின்சீட் ஒயில். தண்ணீருக்குப் பதில் இதுதான். மேல்முனையில் குடிக்கக் குடிக்க விடுங்கள், உடம்பு முழுக்கத் தடவித் துடையுங்கள். மூன்று நாள் செய்யுங்கள். இது மரத்துக்குள்ளே போய் உறைந்து, ஈரம் ஏறாமல் காக்கும். தேங்காய் எண்ணெய் உறையாது, அது இரும்புக்கு மட்டும்.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை இரண்டுமுறை வாசியுங்கள். லின்சீட் ஒயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உறையும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள்ளே சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும், நெருப்புக்குச்சி தேவையில்லை. நமது லயம் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்தால் பத்துக் குடும்பம் தெருவில் நிற்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து வெளியே போடுங்கள், அல்லது வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

வாய் தீட்டுதல்

மெசின் சாணைக்குக் கொண்டுபோக வேண்டாம். உலர்ந்த சாணையில் பொறி பறக்க வைத்தால் வாய் ஓரம் நீலமாகும். நீலம் என்றால் பதம் போய்விட்டது, அடுப்பில் போட்டதற்குச் சமம். ஒரு அரமும் ஒரு தீட்டுக்கல்லும் போதும். தலையைக் கட்டையில் அசையாமல் இறுக்கி, அரத்தை வாயிலிருந்து உள்பக்கமாக அல்ல, உடம்பிலிருந்து வாய்ப்பக்கமாகவும் அல்ல, வாயோடு சரிவாக முன்னே தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். கையில் தடித்த உறையோ சாக்குத் துண்டோ இருக்கட்டும். அரம் இரும்பைக் கடிக்காமல் கண்ணாடியில் போவதுபோல வழுக்கினால், வாய் நல்ல பதத்தில் இருக்கிறது. சந்தோசப்பட்டுக்கொண்டு கல்லுக்குப் போங்கள்.

விறகு பிளக்கும் கோடாலிக்குச் சவரக்கத்தி மாதிரிக் கூர் தேவையில்லை. மெல்லிய வாய் கட்டையில் சிக்கும், முடிச்சில் பட்டால் பல்லுப்பல்லாக உடையும். கன்னம் சற்றுத் தடித்து, ஓரம் மட்டும் கூராக இருந்தால் அது ஆப்புபோல இறங்கிக் கட்டையைத் திறந்துவிடும்.

பாவிக்கும்போது

முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை வைத்து, அதன்மேல் நிறுத்திப் பிளவுங்கள். செருப்புக் காலோடு வேண்டாம், மழைக்குப் போடும் பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கோடாலி எட்டும் தூரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குப் பிள்ளைகள் இருக்கக்கூடாது. முன்னால் மட்டுமல்ல, பின்னாலும். அந்த அக்காவின் கோடாலி பின்னால்தான் பறந்தது. ஒவ்வொரு நாளும் முதல் வீச்சுக்கு முன்னால் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆப்பு மேலே எழும்பியிருந்தால் அடித்து இறக்குங்கள். தலை ஆடினால் அன்றைக்கு அதைப் பாவிக்க வேண்டாம், அடுத்த வீட்டில் இரவல் வாங்குங்கள்.

காயம் பட்டுவிட்டால் கோப்பித்தூளோ மண்ணோ வைக்காதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, வெட்டுப்பட்ட கையையோ காலையோ உயர்த்தி வைத்து, உடனே டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள். சின்ன வெட்டானாலும் ஏற்புவலி ஊசி பற்றிக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் கோடாலியை அடிக்கட்டையில் கொத்தி மழையில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் நமக்கு உண்டு. மழை ஒரு பக்கம் ஊதவைக்கும், வெயில் மறுபக்கம் மெலியவைக்கும். அடுப்போரம் சாத்தி வைப்பதும் கூடாது, அளவுக்கு மீறிக் காய்ந்து தலை கழலும். பழைய ஹோஸ் குழாய்த் துண்டை நீளவாக்கில் கீறி வாய்க்குப் போட்டுவிட்டு, உள்ளே சுவரோரம் பிள்ளைகளுக்கு எட்டாமல் மாட்டி வையுங்கள்.

அந்த அக்காவின் தலைக்கு நாங்கள் கொய்யாக் காம்பு போட்டுக் கொடுத்தோம், 25 அங்குலம். பழைய தலை மூன்றரை இறாத்தல், அவருக்குக் கனம் என்று பெரியவர் சொன்னார். ஆகவே அதை அவருடைய மகனுக்கு வைத்துவிட்டு, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த இரண்டு இறாத்தல் தலையொன்றைச் சுத்தம் செய்து அவருக்கு ஏற்றினோம். அந்த மரத்தில் நாலாகப் பிளந்த துண்டுகளில் இரண்டு மிஞ்சின. முனைக்கு மெழுகு பூசி அவருடைய பரணில்தான் போட்டிருக்கிறோம். அடுப்புக்கு வைத்துவிடாதீர்கள் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறோம். நீங்களும் மிச்சத் துண்டுகளை அப்படிப் போட்டு வையுங்கள், அடுத்த காம்புக்கு ஆகும்.